வெள்ளப் படத்தில் சிரிப்பவர்

மார்ச் 4, செவ்வாய்

வங்கியில் கணினி படுத்துவிட்டது, கொஞ்ச நேரம் கழித்து வாங்க என்றார்கள். எதிரே நகர வரலாற்றுக் காட்சியகம். 'அனுமதி இலவசம்' என்ற பலகையைப் பார்த்து, உள்ளே மின்விசிறியாவது இருக்கும் என்றுதான் நுழைந்தேன். மூன்றே அறைகள். பழைய தெருவிளக்கு, துருப்பிடித்த தபால்பெட்டி, எந்த மேயரோ உட்கார்ந்த நாற்காலி. எங்கள் வீட்டுப் பரணில் இதைவிட அதிகம் கிடக்கிறது.

கடைசி அறையில் வெள்ளம் வந்த வருஷத்துப் படங்கள். அதில் ஒன்றில் என் வீட்டுக்காரர்.

இடுப்பளவு தண்ணீர். கழற்றிய கதவு ஒன்றின் மேல் இரண்டு பிள்ளைகளை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறார். முகம் பாதி திரும்பியிருக்கிறது. சிரிக்கிறார். கீழே அட்டையில்: 'மீட்புப் பணியில் பெயர் தெரியாத தொழிலாளி.'

பெயர் தெரியாதவரா? இந்த ஊர் பூராவும் தண்ணீர்க்குழாய் பதித்த மனுஷன். ஓய்வுபெற்ற அன்றைக்கு மேடையில்கூட அவர் பெயரைத் தப்பாகத்தான் வாசித்தார்கள். செத்து ஒரு வருஷம் ஆகவில்லை, இங்கேயும் பெயர் இல்லையா?

மார்ச் 5, புதன்

மகனிடம் சொன்னேன். கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல், "நனைஞ்ச ஆளுங்க எல்லாரும் ஒரே மாதிரிதாம்மா இருப்பாங்க" என்றான். பெற்றேன் பார் ஒரு பிள்ளை.

மார்ச் 6, வியாழன்

பெட்டியிலிருந்து அவர் சட்டையை எடுத்துக்கொண்டு போனேன். அவர் இடதுகைக்காரர். கடைச் சட்டையில் பை இடப்பக்கம் இருக்கும், பென்சில் எடுக்க அவருக்குத் தோதுப்படாது. கல்யாணமான புதிதிலிருந்தே பையைப் பிரித்து வலப்பக்கம் வைத்துத் தைப்பது என் வேலை. "ஊர்ல ஒருத்தனுக்கும் இல்லாத சட்டை" என்று பீற்றிக்கொள்வார். படத்திலும் பை வலப்பக்கம்தான். மூலையில் நான் போடும் முக்கோணத் தையல்கூடத் தெரிகிறது.

காட்சியகப் பொறுப்பாளர் சின்னப் பெண், என் மருமகள் வயதிருக்கும். சட்டையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுக்கு மேல என்னம்மா வேணும்? பேரச் சொல்லுங்க, போட்டுடலாம்."

பெயர் வாயில் வரவில்லை. ஆயுசுக்கும் 'என்னங்க' என்றே கூப்பிட்டுப் பழகியவள். ஒருவழியாகச் சொன்னேன். அந்த அறையில் அவர் பெயர் என் குரலில் கேட்டதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மார்ச் 7, வெள்ளி

மகன் அலுவலகம் முழுக்கச் சொல்லிவிட்டானாம். நேற்றுவரை நனைஞ்ச ஆள், இன்றைக்கு 'எங்கப்பா'.

மார்ச் 11, செவ்வாய்

பொறுப்பாளர் போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கணும்மா. இன்னொரு அம்மா வியாழக்கிழமை வியாழக்கிழமை சாயங்காலம் வருவாங்க. அது தன்னோட தம்பின்னு சொல்லிட்டே இருக்காங்க. வெள்ளத்துல ஆளுங்களக் காப்பாத்தப் போனவரு திரும்பவே இல்லையாம். காட்ட ஒண்ணும் இல்லாததால நாங்க பேர் போடல. உங்ககிட்ட சட்டை இருக்கு. ஆனா அவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா."

நானே சொல்கிறேன் என்றேன். எனக்கு வந்த கோபம்— என் புருஷன் எவளுக்கோ தம்பியா? கண்ணு அவிஞ்சா போச்சு? சட்டையை மூஞ்சிக்கு நேரா விரிச்சுக் காட்டுறேன், அப்புறம் பேசட்டும்.

மார்ச் 13, வியாழன்

காட்சியகம் போய் வந்தேன்.

அந்த அம்மா எனக்கு மூத்தவர். படத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். பையில் சட்டையைப் பிடித்தபடி பக்கத்தில் போனேன். நான் வாயெடுப்பதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

"என் தம்பிம்மா. அன்னைக்கு என்கூட சண்டை போட்டுட்டுக் கிளம்பினான். 'செத்து ஒழி'ன்னு சொல்லிட்டேன். அக்கா வாயில வர்ற வார்த்தையா அது? போனவன் போனவன்தான். வீட்டோட எல்லாம் அடிச்சிட்டுப் போச்சு, ஒரு போட்டோகூட இல்ல. இத்தனை வருஷம் நான் சோறு தின்னது சோறே இல்ல. இதப் பாத்த அப்புறம்தான்... பாருங்க, சிரிக்கிறான். அப்ப கோவம் போயிடுச்சுன்னுதானே அர்த்தம்?"

படத்தில் இருந்த சட்டையை விரலால் தொட்டுக் காட்டினார்.

"சட்டைதான் அவனோடது இல்ல. நனைஞ்சு நிக்கிறானேன்னு யாரோ குடுத்திருப்பாங்க. குடுத்த மகராசி நல்லா இருக்கணும்."

நான் என்ன செய்ய? என்னத்தச் சொல்ல? 'ஆமாக்கா' என்றுதான் வாயில் வந்தது. பைக்குள் சட்டை வேர்வையில் ஈரமாகிவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

அவர் இருந்தால் என்ன சொல்வார்? பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லமாட்டார். "என் மூஞ்சிய யாருக்குடி தூக்கிக் குடுக்குற?" என்று எகிறுவார். எனக்கு மட்டும் மனசு இருக்கிறதா? இருப்பது கல்யாணப் படம் ஒன்று, அதிலும் விறைத்துக்கொண்டு நிற்கிறார். இதில் சிரிக்கிறார். எனக்கு வேணும். எனக்கும்தான் வேணும்.

மார்ச் 17, திங்கள்

பொறுப்பாளரிடம் போய், நான் பார்த்தது தப்பு, என் கண்ணாடி பழசு என்றேன்.

"அப்ப சட்டை?"

"அந்தக் காலத்துல நிறையப் பேருக்கு அப்படித்தான் தைப்பாங்க."

படத்தைத் திரும்பிப் பார்த்தாள். "நிஜமாவாம்மா?"

"நிஜம்தான். அந்தம்மா சொல்ற பேரையே போடுங்க" என்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

மகன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அப்பா பேரு ஒரு இடத்துலயாவது இருக்கும்னு நெனச்சேன். நீயே வேணாம்னுட்டியேம்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனான்.

மார்ச் 26, புதன்

மகன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் பக்கம் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

ஏப்ரல் 10, வியாழன்

போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். போனேன்.

புது அட்டை வைத்துவிட்டார்கள். நல்ல பெயர்தான், கேட்டிராத பெயர். அந்த அம்மா என்னைக் கண்டதும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "பேரு போட்டுட்டாங்க, பாத்தீங்களா? வாங்க, கிட்ட வந்து பாருங்க என் தம்பிய." கிட்டப் போய்ப் பார்த்தேன். நல்லா சிரிக்கிறார் என்றேன். அழாமல்தான் சொன்னேன்.

"ஆமா, உங்க வீட்டு ஆளுங்க யாராவது இந்தப் படங்கள்ல இருக்காங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்லக்கா" என்றேன். "சும்மா பாக்க வந்தேன்."