‘நீங்க போங்க’ என்று நின்றுவிட்ட அப்பாவுக்கு

என் பிரியமான அப்பா,

நீங்கள் போன பிறகு உங்களிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எல்லோரும் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று ஏதேதோ சொல்லி அழுதார்கள். எனக்கு வாயே வரவில்லை. துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று சித்தி சமாதானம் சொன்னார். துக்கமில்லை அப்பா, கோபம். இன்னும் அது ஆறவில்லை. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் உங்களுக்கு ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். எண்ணெய் மில்காரர்கள் சேர்ந்து வைத்தது. தன்னுயிர் ஈந்து பிறருயிர் காத்த தங்கமாம் நீங்கள். தலைக்கு மேலே ஒரு விமானம் வேறு பறக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் என்னிடம் உங்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார்கள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.

உங்கள் மகளின் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியாதா? சில வருஷம் விமானப் பணிப்பெண்ணாகப் பறந்தேன். இப்போது கோவை பீளமேட்டில், விமானப் பணிக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நான் பயிற்சியில் இருந்த காலத்தில் சாப்பாட்டு மேசை நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, உங்களையும் அம்மாவையும்தான் பயணிகளாக உட்கார வைத்தேன்.

“ஏனம்மணி, சீட்டுக்கடியில லைஃப் ஜாக்கெட் இருக்குங்கறே. நம்மூர்ல குடிக்கவே தண்ணியக் காணோம், எங்க போயி மிதக்கறது?” என்று கேலி செய்வீர்கள். ஆனால் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டீர்கள். ஜாக்கெட்டை விமானத்துக்குள் ஊதக் கூடாது. ஆக்சிஜன் முகமூடி முதலில் நமக்கு, அப்புறம்தான் பக்கத்தில் இருப்பவருக்கு. உட்கார்ந்ததுமே கதவு எத்தனை வரிசை தள்ளி என்று எண்ணிக்கொள்ள வேண்டும். புகை வந்தால் குனிந்து போக வேண்டும். பையைத் தொடவே கூடாது. வழி கிடைத்தால் யாருக்காகவும் நிற்கக் கூடாது.

அந்தக் கடைசி ஒன்றுக்குத்தான் உங்களோடு மல்லுக்கட்டினேன். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் நீங்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. லிஃப்ட் வந்தால் எல்லோரையும் ஏற்றிவிட்டு அடுத்த லிஃப்ட்டில் வருவீர்கள். நம் ஊர்ப்பக்கம் இரண்டு பேர் ஒரு வாசலில் எதிர்ப்பட்டால், “நீங்க போங்க”, “இல்லீங்க, நீங்க போங்க” முடிவதற்குள் உள்ளே காபி ஆறிப்போகும். விமானத்தில் மட்டும் அந்த மரியாதை வேண்டாம் அப்பா, நீங்கள் நின்றால் பின்னால் வருகிறவர்களும் நிற்பார்கள் என்றேன். என் தலையில் கை வைத்து, “செரி கண்ணு, நிக்க மாட்டேன். அப்பன் சொன்னாச் சொன்னதுதான்” என்றீர்கள்.

நின்றீர்களே அப்பா.

நம் எண்ணெய் மில்லுக்குப் புது மிஷின் பார்க்க விமானத்தில் வடக்கே போனீர்கள். இறங்கும்போது விமானம் ஓடுபாதையை விட்டு விலகி, ஒரு பக்க இறக்கையில் தீப்பிடித்துவிட்டது என்று செய்தி வந்தது. சத்தியமாக நான் பயப்படவில்லை. “அப்பாவுக்கு எல்லாம் தெரியும்மா, வந்திருவாரு” என்று அம்மாவிடம் சொன்னேன். அவ்வளவு நம்பினேன் உங்களை.

போன வாரம் உடுமலைப்பேட்டைத் தேங்காய் வியாபாரி ஒருவர் நம் வீட்டுக்கு வந்தார். விமானத்தில் உங்களுக்குப் பின் சீட்டில் இருந்தவர். இப்போதும் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினால் இருமுகிறார். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

“உங்கப்பாரு இல்லீன்னா இன்னிக்கு நானில்லீங்க அம்மணி. கதவுகிட்ட அவருதானுங்க மொதல்ல நின்னாரு. ‘நீங்க போங்க’ன்னாரு. ‘நீங்க பெரியவரு, நீங்க மொதல்ல போங்க’ன்னு நானும் சொல்லிப் பாத்தேனுங்க. கேக்கவே இல்லீங்க.”

“எத்தன தடவைங்க சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“மூணு நாலு தடவ இருக்குமுங்க...” சொல்லும்போதே, அந்த நேரத்தில் இரண்டு பேருமே இறங்கியிருக்கலாம் என்று அவருக்கு விளங்கிவிட்டது. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் இறங்கிய பிறகு, பெட்டியோடு முட்டிக்கொண்டு வந்த இரண்டு பேருக்கும் நீங்கள் ஒதுங்கி வழிவிட்டதைக் கீழிருந்து பார்த்தாராம். அப்புறம் புகை மறைத்துவிட்டதாம்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பெட்டிக்காரர்கள் மேல்கூட இல்லை. அவர்கள் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லையே. அவர்களெல்லாம் உங்களுக்கு யார் அப்பா? முன்பின் தெரியாதவர்களிடம் மரியாதை கெட்டுவிடக் கூடாது என்று என்னை விட்டுவிட்டீர்களா? அந்த நேரத்தில் என் ஞாபகம் வந்ததா? வந்தும் நின்றீர்களா?

நீங்கள் போனதிலிருந்து அவசரமாக வெளியேறும் பயிற்சியை நான் எடுப்பதில்லை. அந்த வகுப்பில் “வாங்க! குதிங்க! நிக்காதீங்க!” என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். சொந்த வீட்டிலேயே எடுபடாத பேச்சை ஊரார் பிள்ளைகளிடம் எந்த முகத்தோடு கத்துவது? வேலையையே விட்டுவிடலாம் என்று இருந்தேன்.

தம்பி மனைவிக்குப் பிரசவம். அடுத்த மாதம் அம்மாவும் நானும் மஸ்கட் போகிறோம். உடுமலைக்காரர் கிளம்பிப் போனதும் அம்மாவை எதிரே உட்கார வைத்துக் கேட்டேன். “விமானத்துல புகை வருதும்மா. உனக்கு வழி கெடச்சிருச்சு. நான் பின்னால மாட்டிக்கிட்டேன். என்ன பண்ணுவே?”

அம்மாவின் கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

“உன்னைய உட்டுப்போட்டுப் போயிருவேன் கண்ணு” என்றாள். “திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். நான் நின்னுட்டா நீ எப்படிச் சாமி வருவே?”

என்னிடம் யாரும் இவ்வளவு பாசமாகப் பேசியதில்லை அப்பா. அம்மாவின் மடியில் தலை வைத்து, உங்களுக்காக முதல் தடவையாக அழுதேன்.

திங்கட்கிழமை அந்த வகுப்பை நானே எடுக்கப் போகிறேன். உங்களைத் தியாகி என்று சொல்ல மாட்டேன். என் அப்பா ரொம்ப நல்லவர், எல்லாம் தெரிந்தவர், கதவுக்கு முன்னால் நின்றார், செத்துப்போனார் என்று சொல்வேன். ஊர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். உங்கள் மேல் இருக்கும் கோபம் தீரும் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. எனக்கு வழி கிடைத்தால் நான் நிற்க மாட்டேன், அம்மாவுக்காகக்கூட நிற்க மாட்டேன். இந்த வாக்கைக் கொடுக்கிறேன். நானாவது காப்பாற்றுகிறேன்.

உங்களை நம்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த மகள்,
உங்கள் அம்மணி