எங்கள் கம்பம் தேனிப் பக்கத்தில் இல்லை

என் வாயாடி அக்காவுக்கு,

இன்று ஆகஸ்ட் பதினான்கு, வியாழக்கிழமை. மாலை மணி ஐந்து நாற்பது. நீ போய் இது இருபத்தேழாம் நாள். உனக்காகத் தொலைக்காட்சியில் செய்திருக்கும் நினைவு நிகழ்ச்சியின் நீளம் நாற்பத்தெட்டு நிமிடம். அதில் உன் பேச்சைப் பதினொரு இடத்தில் வெட்டியிருக்கிறார்கள். இரண்டு முறை எண்ணினேன். பதினொன்றுதான்.

உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. கோபம்தான் வருகிறது. அதனால் கோபத்தையே எழுதி, எல்லோரும் படிக்கும்படி முகநூலில் போடப்போகிறேன். நீ இருந்திருந்தால் இதை வைத்தே பத்து நிமிடம் ஓட்டியிருப்பாய்.

விஷயம் இதுதான். ஞாயிறு காலை நம் பாச்சாங் தேவாலயத்தில் உனக்கு முப்பதாம் நாள் பூசை. அன்றிரவு பதினொன்றரைக்கு, ரெஜினா என்கிற நீ திரையில் வரும் அதே நேரத்தில், ரெஜினாவின் நினைவு நிகழ்ச்சி. நீ வீட்டில் கைப்பேசியில் பேசிப் பதிந்து வைத்த ஒத்திகைகளையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பதிவுகளை நீ என் பெயருக்கு எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டாய். ஆகவே என் கையெழுத்து இல்லாமல் நிகழ்ச்சி போகாது. நாளை மதியம் பன்னிரண்டுக்குள் வேண்டுமாம். பார்த்துவிட்டுத்தான் போடுவேன் என்றேன். அனுப்பினார்கள். பார்த்தேன்.

தொடக்கத்திலேயே உன் படம். கீழே தங்க எழுத்தில் ஒரு வரி: ‘தமிழகத்தின் கம்பத்தில் பிறந்து, மலேசியாவைச் சிரிக்க வைத்தவர்.’

அக்கா, நீ எப்போது தமிழ்நாட்டில் பிறந்தாய்?

புரிய எனக்கு அரை நிமிடம் ஆனது. உன் முதல் நிகழ்ச்சியில் நீயே சொன்னாய்: “நான் கம்பத்துல பொறந்தவ லா, எனக்கு எங்க நாகரிகம் தெரியும்?” அந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, எழுதுகிறவர் நேராகத் தேனி மாவட்டத்துக்குப் போய்விட்டார். அங்கே கம்பம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அவர் சென்னையில் இருக்கிறாராம். மலாய்க்காரர்கள் வாழும் கிராமத்தைத்தான் நாம் கம்பம் என்கிறோம், தஞ்சோங் கிளிங் கடற்கரைச் சாலைக்குப் பின்னால் அப்படி ஒரு கம்பத்தில், அப்பா வாடகைக்கு எடுத்த பலகை வீட்டில் நீ பிறந்தாய் என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

தெரிந்தவர்கள்மேல்தான் கோபம். தயாரிப்பாளர் மோகனை அழைத்தேன். இங்கேயே கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர்.

“மோகன், கம்பம்னா என்னான்னு உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும் ப்ரோ. ஆனா டைட்டில் கார்டு அழகா செஞ்சிட்டாங்க. இத இந்தியாவுலயும் போடப் போறோம். அங்க பொறந்தவங்கன்னா அவுங்களும் பாப்பாங்க லா.”

“அப்ப பொய்யின்னு தெரிஞ்சே போட்டிருக்கீங்க.”

“பொய்யின்னு ஏன் சொல்றீங்க? உங்க பாட்டன் பூட்டன்லாம் அங்கேருந்துதானே வந்தாங்க?”

“அவுங்க கப்பல்ல வந்தாங்க. எங்கக்கா தஞ்சோங் கிளிங்ல வந்தா. ரெண்டும் ஒன்னா?”

“அக்கா மாதிரியே பேசுறீங்க ப்ரோ,” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அடுத்தது வெட்டுகள். நீ ஒவ்வொரு வாரமும் “பசியாறியாச்சா?” என்று கேட்டுத்தான் தொடங்குவாய். காலைச் சாப்பாட்டுக்கு நாம் சொல்லும் வார்த்தையை ராத்திரி பதினொன்றரைக்குக் கேட்கிற ஒரே பெண் நீதான். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “ராத்திரி ஷிப்டுக்குப் போறவனுக்கு அதுதான்டா காலை,” என்றாய். அந்தப் ‘பசியாறியாச்சா’ நான்கு இடத்தில் போய்விட்டது. கடையில் பொட்டலம் கட்டி வாங்குவதற்கு நாம் சொல்லும் ‘தாப்பாவ்’ இரண்டு இடத்தில். மீதி ஐந்தும் வாக்கியத்தின் கடைசியில் நாம் ஒட்டும் ‘லா’வுக்காக. ‘கம்பத்துல பொறந்தவ’ மட்டும் பத்திரமாக இருக்கிறது, வாலில் இருந்த ‘லா’ இல்லாமல். அது அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது பார்.

வெட்டிய ஓட்டைகளைச் சிரிப்பால் அடைத்திருக்கிறார்கள். நான் யார் என்பதை மறந்துவிட்டார்கள். சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் அளவுமானிகளைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு மானி பொய் சொன்னால் அதை நம்பி வால்வைத் திறக்கிற ஆள் வீடு திரும்ப மாட்டான். பொய்யான அளவைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குப் படிப்பே கொடுத்தார்கள். அந்த ஒலியைக் கணினியில் விரித்துப் பார்த்தேன். பதினொரு சிரிப்பும் ஒரே சிரிப்பு. மூன்றாவது வினாடியில் ஓர் ஆள் இருமுகிறார். பதினொரு முறையும் அதே இருமல். யார் அந்த மனிதர்? உன் நிகழ்ச்சிக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை.

வந்தவர்களை எனக்குத் தெரியும். பாச்சாங் அத்தைமார் இருபது பேர். வேன் பிடித்து நீயே கோலாலம்பூருக்கு ஏற்றிப் போவாய். ‘இரவு நிகழ்ச்சி’யைச் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பதிவு செய்வார்கள் என்பதே அவர்களுக்குப் பெரிய சிரிப்பு. வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே உனக்குப் பின்னால் நிலா. “மூணு மணிக்குக் கொட்டாவி விடறதுதான்டா உண்மையான நடிப்பு. மத்ததெல்லாம் சும்மா,” என்பாய்.

உன்னை யாரும் தேடி வந்து நட்சத்திரம் ஆக்கவில்லை. கல்யாண விருந்துகளில் மைக் பிடித்தாய். ஒருநாள் மாப்பிள்ளை வீட்டார் இரண்டு மணி நேரம் தாமதம். பசியில் இருந்த மண்டபத்தை நீ ஒருத்தியே கட்டிப் போட்டாய். “மாப்ள வர்ற வழியில மனச மாத்திட்டாரா, டயர மாத்துறாரான்னு தெரியல,” என்றாய். பெண்ணின் அப்பாவே சிரித்துவிட்டார். அந்த மண்டபத்தில் தொலைக்காட்சிக்காரர் ஒருவர் பசியோடு உட்கார்ந்திருந்தது உன் அதிர்ஷ்டம்.

முதலில் பத்து மணி கொடுத்தார்கள். “கொஞ்சம் நல்ல தமிழ்ல பேசும்மா,” என்றார்கள். மாட்டேன் என்றாய். பதினொன்றுக்குத் தள்ளினார்கள். மறுபடி சொன்னார்கள், மறுபடி மாட்டேன் என்றாய். பதினொன்றரை. “இன்னும் கொஞ்சம் தள்ளுனா காலையில ஜெப நிகழ்ச்சி நடத்தலாம்,” என்று அதையும் நிகழ்ச்சியிலேயே சொன்னாய். ஒன்பது வருடம் ஓடியது. காவலாளிகள், தாதிகள், ரொட்டிக் கடைக்காரர்கள், எங்கள் ஆலையில் ஷிப்ட் முடித்து உடை மாற்றுகிறவர்கள், எல்லோரும் உன் ஆட்கள். உன் கடைசி மாதங்களில் சிகிச்சையால் தலைமுடி கொட்டியபோது டோப்பா கொண்டுவந்து நீட்டினார்கள். “இத நீங்க வச்சுக்குங்க, உங்களுக்குத்தான் தேவப்படும்,” என்று வழுக்கைத் தலை இயக்குநரிடமே திருப்பிக் கொடுத்தாய். அன்று இருபது அத்தைமாரில் பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் அழுதார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன்மேல் முதல் கத்தரி வைத்தவன் நான். பாலிடெக்னிக்கில் படித்த காலம். கூடப் படித்தவர்கள் உன் பேச்சைக் கிண்டல் செய்தார்கள் என்று, ஒரு நிகழ்ச்சியை உட்கார்ந்து கேட்டு, நிமிடம் வினாடியோடு முப்பத்து நான்கு பிழைகளைப் பட்டியல் போட்டு உனக்கு அனுப்பினேன். நீ பதிலே போடவில்லை. அடுத்த வாரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு திரையில் வந்தாய்.

“எங்க வீட்டு இன்ஸ்பெக்டர் அனுப்பியிருக்காரு. ஏழாவது பிழை: தாப்பாவ் பண்ணு என்பது தவறு, பொட்டலம் கட்டு என்பதே சரி. தம்பி, நேத்து மீ கோரேங் கடையில நின்னுகிட்டு நீ என்னா சொன்ன?”

அத்தைமார் இருபது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்: “தாப்பாவ்!”

இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? இருபத்தேழு நாளாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுச் செய்தி இன்னும் மோசம். நினைவு நிகழ்ச்சியின் முன்னோட்டம் ஒரு வாரமாக ஓடுகிறது, அந்தத் தங்க எழுத்தோடு. நேற்றுச் சாயங்காலம் அப்பாவிடம், கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

“போட்டுட்டு வேலயப் பாருடா,” என்றார். “இந்தியாவுல பொறந்தவன்னு போட்டா என்னா கொறஞ்சிருச்சு? பக்கத்து வீட்டு ரோசம்மா வந்து கேக்குது, ‘அண்ணே, உங்க மவ இந்தியாவுலயா பொறந்துச்சு? அதான் அவ்ளோ அழகா தமிழ் பேசுச்சு’ன்னு.”

“நீங்க என்னா சொன்னீங்க?”

“ஒன்னும் சொல்லல.” பிறகு அவர் குரல் ஏறியது. “ஒம்போது வருசம் அவ பேசுறது தமிழே இல்லன்னானுங்க. கோயில் வாசல்ல வச்சு என் மூஞ்சிக்கு நேரா சொன்னானுங்க. இப்பத்தான் நல்ல தமிழுன்னு ஒரு வார்த்த வருது. அதயும் கெடுக்கணுமா நீ?”

அப்பா உன்னை விற்கவில்லை, அக்கா. உனக்காக வாங்கிக் கட்டிக்கொண்ட அவமானத்துக்கு ஒரு மருந்து தேடுகிறார். அந்த மருந்து பொய் என்பதை யார் அவரிடம் சொல்வது?

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாதான் சொன்னார். நீ போனதிலிருந்து அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல்முறை.

“பெத்தவ நான் உசுரோடதானே இருக்கேன்? ஒருத்தனாவது என்னக் கேட்டானா?”

அப்பா அம்மா பக்கம் திரும்பினார்.

“பலகையில ஓட்ட. கடக் காத்து உள்ளாற அடிக்குது. பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா மக் லோங்தான் எனக்குப் பிரசவம் பாத்தாங்க. தன்னோட கைலியக் கொண்டாந்து ஓட்டையில திணிச்சாங்க, பிள்ளைக்குக் குளுருமின்னு. தேனியில எந்த மக் லோங் லா இருந்தாங்க?”

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். இன்னும் என்னோடு பேசவில்லை. நான் சரி, அவர் தவறு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கையெழுத்தும் வராது.

இன்று மதியம் அம்மாவை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு தஞ்சோங் கிளிங் போனேன். கம்பத்தில் பாதி இருக்கிறது. நம் வீடு இருந்த பாதி இப்போது ஒரு ஹோட்டலின் கார் நிறுத்துமிடம். அம்மா வெயிலில் நடந்தார். கடலைப் பார்த்தார், தென்னையைப் பார்த்தார், பத்தடி இந்தப் பக்கம், நாலடி அந்தப் பக்கம். கடைசியில் ஒரு நீலக் காரின் முன்னால் நின்று, அதன் மூக்கில் தட்டினார்.

“இதுக்கு அடியில,” என்றார்.

இனி நான் செய்யப்போவதை எழுதுகிறேன். இதை வாக்கு என்றே எடுத்துக்கொள்.

1. நாளை காலை பத்து மணிக்கு மோகனை அழைப்பேன். பதினொரு வெட்டும் திரும்ப ஒட்டப்பட வேண்டும். இருமுகிறவர் வெளியேற வேண்டும். அதற்கு முன் கையெழுத்து இல்லை.

2. தங்க எழுத்து இருக்கட்டும். அதில் வரவேண்டியது: ‘மலாக்கா, தஞ்சோங் கிளிங், கம்பத்து வீட்டில் பிறந்தவர்.’ இந்தியாவில் பார்க்கிறவர்களுக்குப் புரியவில்லை என்றால் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அவர்கள் வார்த்தைகளை நாம் அப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

3. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் உன் ஒத்திகைகள் அவர்களுக்குக் கிடையாது. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் நானே ஒலிபெருக்கி கட்டி அவற்றைப் போடுவேன், வெட்டாமல். சாமியாரிடம் கேட்டுவிட்டேன். “கொஞ்சம் சத்தமாவே வை,” என்றார்.

4. இதையெல்லாம் இன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அப்பாவிடம் நேராகச் சொல்வேன். திட்டுவார். எதிர்த்துப் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். ஐந்தில் இதுதான் கஷ்டம்.

5. நாளை காலை ஏழு மணிக்கு அந்த நீலக் காரின் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்து, பத்து நிமிடம் நகர்த்தச் சொல்வேன். ஏன் என்று கேட்டால், எங்கக்கா இங்கேதான் பிறந்தாள் என்பேன். கார் போன இடத்தில் அம்மா நின்று, உன்னைப் பெற்ற கதையைச் சொல்வார், நான் கைப்பேசியில் பதிவேன். ஒரே டேக். அதில் ஒரு ‘லா’வை எவன் தொட்டாலும் முதலில் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும்.

மக் லோங் கையில் உனக்குப் பின்னால் வந்த
உன் தம்பி,
சேவியர்