வண்டல் குட்டைக் கரையில் சொன்ன பெயர்

இன்று காலை ஹெப்பாளில் கம்பெனி பஸ் நின்றுவிட்டது. மழை. புதிதாகப் போட்ட சாலையில் முழங்கால் தண்ணீர். மிச்ச மண்ணைச் சாலையோரம் வரப்பு மாதிரி அழகாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். வரப்புக்கு அந்தப் பக்கம் சாக்கடை காலியாகக் கிடந்தது. இறங்கிப் போய் குடை நுனியால் மண்ணைக் கீறிவிட்டேன். தண்ணீர் கொஞ்சம் தயங்கியது. பிறகு போனது. ஈர மண் வாசனை.

பஸ்ஸிலிருந்த எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நீ இருந்திருந்தால் இன்னொரு இடத்தில் கீறிக்கொண்டிருப்பாய்.

ஒடிசாவில் அந்தத் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம். மைசூர்க்காரர்கள் நாம் இரண்டு பேர், ஒரே அறை, ஒரே வேலை. டம்பர் லாரிகள் ஓடும் சாலைகள், வடிகால்கள், கழிவுநீரின் மண் தங்குவதற்கு வெட்டிய வண்டல் குட்டைகள். இவற்றைச் சுற்றிப் பார்த்துச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் மழை விட்டதும் போவார்கள். நீ மழையில் போவாய்.

"விட்டப்புறம் போனா சேறுதான் கணோ தெரியும். தண்ணி எப்படிப் போச்சுன்னு யாரைக் கேப்பே?"

தமிழ் 'டா'வுக்குப் பதில் உனக்குக் கன்னட 'கணோ'தான் வரும். நான் புலம்பிக்கொண்டே பின்னால் வருவேன். ரெயின்கோட்டுக்குள் எனக்கு வியர்க்கும். உனக்குப் பாட்டு வரும்.

அன்று நீ ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள். மைசூரில், மண்டி மொஹல்லாவில் உனக்கு மகள் பிறந்திருந்தாள். போனில்தான் பார்த்திருந்தாய். தொட்டிலில் போட்டுப் பெயர் வைக்க நாள் குறித்தாகிவிட்டது. அப்பாதான் குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். மாலையில் ரயில். அதை விட்டால் விழாவுக்குள் ஊர்போய்ச் சேர வழியில்லை. பை கட்டில்மேல் தயாராக இருந்தது.

"கடைசியா ஒரு சுத்து" என்றாய்.

மறுநாள் யாரோ பெரியவர்கள் பார்வையிட வருவதாக இருந்தது. அதற்காகக் கிரேடர் ஓட்டுநர் சாலையை வழித்துச் சமன் செய்து, சேற்றையெல்லாம் ஓரக் கரையில் தள்ளி நேராக்கியிருந்தார். பார்க்க லட்சணமாக இருந்தது. நீ ஜீப்பை நிறுத்தினாய்.

"இது ரோடு கணோ. கல்யாண மண்டபமா?"

மழைநீர் வடிகாலுக்குப் போகக் கரையில் விட்டிருந்த இடைவெளிகள் எல்லாம் அடைபட்டிருந்தன. மழை சாலையிலேயே இறங்கி ஓடியது. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரி ஏற்றிய டம்பர் ஒன்று வளைவில் பக்கவாட்டில் வழுக்கி, கரையை முட்டி நின்றது. கரைக்கு அப்பால் பள்ளம். ஓட்டுநர் இறங்கி, இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நீ வாக்கி டாக்கியில் சாலையை மூடச் சொன்னாய். மேலாளர் கத்தினார். இன்று வண்டிகள் நிற்கக் கூடாது. "உனக்குத்தான் லீவு ஆச்சே, கிளம்பு!"

"லீவு ஜீப்ல ஏறினப்புறம்தான் ஆரம்பம் சார். நான் கீழதான் நிக்கறேன்."

"நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"பாத்துப்பே. அவரு இன்னொரு தடவை கத்துனா ரோடைத் தெறந்து விட்டுடுவே. உன்னைத் தெரியாதா மாராயா?"

உனக்குத் தெரிந்துதான் இருந்தது. எனக்குக் கோபம்கூட வரவில்லை.

மண்வெட்டிகள் வந்தன. முதலில் இறங்கியவர் கிரேடர் ஓட்டுநர்தான். அடைப்புகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சாலைத் தண்ணீர் வடிகாலுக்குத் திரும்பியது, அங்கிருந்து குட்டைக்கு. கருப்பாக வந்த தண்ணீர் குட்டையில் நின்று, மண்ணைக் கீழே விட்டு, மறுமுனையில் வெளுத்து வெளியேறியது. நீ குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்குள் மாலை ரயில் போய்விட்டிருந்தது.

விழா நாளில் குட்டைக் கரைமேல் நின்றோம். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். பக்கத்திலேயே பம்பு ஓடிக்கொண்டிருந்தது. உன் மனைவி போனைக் குழந்தையின் காதருகே வைத்தாள். மெல்லச் சொல்ல வேண்டிய பெயரை நீ தொண்டை கிழியக் கத்தினாய். மூன்று முறை.

"ஐயோ, மெதுவாங்க! பாப்பா பயந்துட்டா!"

"அழறாளா? அப்போ கேட்டுச்சு! கேட்டுச்சு கணோ!"

என் தோளில் ஓங்கி அடித்தாய். பிறகு பம்பின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாய். வெகுநேரம்.

அடுத்த வாரம் ஊருக்குப் போய் அவளைத் தூக்கினாய். அடுத்த மழைக்காலத்துக்கு நீ இல்லை. மஞ்சள் காமாலை. அத்தனை சரிவுகளில் வழுக்காமல் நடந்தவனுக்கு.

அந்த அறைக்கு நான் திரும்பிப் போகவில்லை. இங்கே வேறு வேலை, வேறு பஸ். உன் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. நீ பெயரைக் கத்திய அந்தச் சத்தம் இருக்கிறது.

போன ஞாயிறு உன் வீட்டுக்குப் போனேன். உன் மகள் சந்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிக்கிறாள்.

"மாமா, எம் பேரை அப்பா கத்துனாராமே. நிஜவா?"

"நிஜம்."

"எப்படி? கத்துங்க."

சுற்றிப் பார்த்தேன். ஆட்டோக்கள், ஸ்கூட்டர்கள், கடைவாசல்களில் ஆட்கள். மெல்லச் சொன்னேன்.

"சத்தமா, மாமா!"

கத்தினேன். சந்தே திரும்பிப் பார்த்தது. மாடியில் ஜன்னல் படாரென்று திறந்தது. உன் மனைவி. கீழே என்னைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லண்ணா" என்றாள். "அவரு இன்னும் சத்தமா."