கலைந்த கரு

ஜூலை 10, வியாழன்

போன வாரம் எங்கள் ஆய்வுக்கூடத்தில் தடுப்பூசி போட்ட ஒரு சினை ஆட்டுக்குக் கரு கலைந்தது. அந்தக் கருவில் எடுத்த மாதிரியில் இன்று கிருமி வளர்ந்திருந்தது. நாங்கள் வீரியம் குறைத்துத் தடுப்பூசியில் போட்ட அதே கிருமி. சினை ஆட்டுக்கும் ஆபத்தில்லாத ஊசி வேண்டும் என்றுதான் நாலு வருடமாக உழைக்கிறோம்.

ஆய்வுக்கூடத் தலைவர் கிருமி வளர்ந்த தட்டை வெகுநேரம் பார்த்தார்.

“ஒரு ஆடுதானே மீனா? தரை நனைஞ்சு கிடந்ததல்லே, வழுக்கி விழுந்துச்சுன்னு எழுதிடலாம்.”

“விழலை சார். நானாக்கும் பக்கத்துல நின்னேன்.”

“அப்ப உள்ளதை எழுது. எல்லாம் நின்னுபோகும், கேட்டியா?”

எழுதினேன். வலியசாலையில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். அழுகை வரவில்லை.

கொட்டிலில் இன்னும் ஐந்து சினை ஆடுகள் நிற்கின்றன. அவற்றுக்கும் ஊசி போட்டது நான்தான்.