நான் கையால் தொட்ட நாலு சிவப்பு

என் வெளிச்சக்கார ராசா, கூடப் பிறந்த தாமு,

அங்கே கரண்ட் இருக்கிறதா? இல்லையென்றால் நீ ஒரு நாள்கூடத் தாங்கமாட்டாயே! நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட உன் அக்கா எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரித்துக்கொண்டே படி. இங்கே எனக்குத்தான் சிரிப்பு வரவில்லையடா. இறால் ஏலத்தில் என் வாய்க்குப் பயந்து ஒதுங்கிப் போகிறவர்கள்கூட, "இன்னா எல்லம்மா, வாய்க்கு லீவு வுட்டுட்டியா?" என்று கேட்கிறார்கள்.

நீ போய் மூன்று மாதம் ஆனபிறகு உன் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. கூரியர்காரர் வாசலில் நின்று, "தாமோதரன் கீறாரா?" என்றார். நான் என்ன சொல்ல? "வெளிய போய்க்கீறாரு" என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். பொய்யா அது?

அதற்குள்தான் சிவப்பு இருந்தது. நீ காத்துக் கிடந்த சிவப்பு.

படகு இன்ஜின் ரிப்பேர் போக மிச்ச நேரமெல்லாம் உட்கார்ந்து நீ செய்த லேசர் மிஷினில் பச்சையும் நீலமும் எப்போதோ ஓடத் தொடங்கிவிட்டன. சுவரில் வலை விரியும், படகு ஆடும். சிவப்பு மட்டும் இல்லை. "மூணும் சேந்தாத்தான்க்கா வெள்ளயே வரும்" என்பாய். திருவிழாவில் கோயில் சுவரில் அம்மன் முகத்தை வரைந்து காட்டுவதாகக் கமிட்டிக்கு வாக்குக் கொடுத்திருந்தாய். குங்குமமே இல்லாத அம்மனை யார் கும்பிடுவார்கள்?

நான் சும்மா இருந்தேனா? "கடல்ல மீன் புடிக்கத் துப்பில்ல, செவுத்துல வெளிச்சம் புடிக்கிறான் என் தம்பி. வெளயாட்டு சாமான் வச்சினு உக்காந்துகீறான்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். நீயும் கூடவே சிரித்தாய். உள்ளே வலித்ததாடா? ஒரு நாளும் கேட்கவில்லை நான்.

சிவப்பு டயோடு எது வாங்குவது என்று யோசிக்கவே உனக்கு ஆறு மாதம். புடவைக் கடையில் நான்கூட அவ்வளவு நேரம் எடுத்ததில்லை. அறுநூற்று ஐம்பது என்று ஒன்று, அறுநூற்று முப்பத்தெட்டு என்று ஒன்று. நம்பர் கூடக்கூடச் சிவப்பு அடர்ந்துபோகும், பவர் ஒன்றேதான், ஆனால் ஐம்பது கண்ணுக்குப் பாதிதான் தெரியும் என்று விளக்கினாய். "பவர் இருக்கும்க்கா, வெளிச்சம் இருக்காது." "உன்ன மாதிரின்னு சொல்லு" என்றேன்.

பத்துக்குக் குறைந்து அந்தக் கடையில் தரமாட்டார்கள் என்பதால் உன் வாட்ஸப் கூட்டத்தில் ஐந்து பேர் சேர்ந்தீர்கள். சேலத்து மணி, தூத்துக்குடி டீச்சரம்மா, இன்னும் இரண்டு பேர், தலைவன் நீ. எல்லோரும் உன்னைப்போல வீட்டில் உட்கார்ந்து மிஷின் கட்டுகிறவர்கள். ஆளுக்கு இரண்டு. சிவப்பு நோஞ்சான், இரண்டைச் சேர்த்துக் கட்டினால்தான் பச்சைக்கு ஈடு கொடுக்குமாம். ஆர்டர் போடும் முன்பே நெஞ்சைப் பிடித்துக்கொண்டாய். பொன்னேரி ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரைகூட நீ இருக்கவில்லை.

உன் போனில் அவர்கள், "தாமு அண்ணனே இல்ல, விட்டுடலாம்" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான்தான் குரல் அனுப்பினேன். "தாமுவோட அக்கா பேசறேன். வுட வாணாம். முப்பத்தெட்டே வாங்குங்க. அவன் பேர்லயே வரட்டும், நான் பிரிச்சி அனுப்பறேன்." என்ன தைரியம் பார் எனக்கு.

பத்து உருப்படி. கொத்தமல்லி விதை அளவுதான், அதற்கு மூன்று கால். ஒவ்வொன்றும் தனித்தனி வெள்ளிப் பையில். நல்லது எது, சொத்தை எது என்று பார்க்க வேண்டாமா? இருபத்தைந்து வருடமாக இறால் தரம் பிரிக்கிற கை, சும்மா இருக்குமா? நைலான் வலையைத் தரையில் விரித்து நாலு பையைப் பிரித்துக் கொட்டினேன். பாலியெஸ்டர் முந்தானையால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். கால்களை நீவிவிட்டேன். எந்த இறாலுக்கும் வாய்க்காத கவனிப்பு. ஐந்தாவது பையை எடுக்கும்போது உன் போன் அடித்தது. சேலத்து மணி.

"அக்கா, பார்சல் வந்துடுச்சா? பையப் பிரிக்காதீங்க. வெறுங்கையால தொடவே கூடாது. நைலான் துணியெல்லாம் கிட்டயே ஆகாது."

"தொட்டா இன்னா ஆவும்?"

"செத்துடும்க்கா. துணி ஒரசுற கரண்ட் நமக்குச் சுருக்குனுகூடத் தெரியாது. அதுக்கு அது இடி."

"சரிப்பா" என்று வைத்துவிட்டேன்.

பருத்திப் புடவைக்கு மாறி, நீ கட்டுகிற மாதிரியே மணிக்கட்டில் எர்த் கம்பியைக் கட்டிக்கொண்டு, அந்த நாலையும் உன் சோதனைப் பெட்டியில் மாட்டிப் பார்த்தேன். முதலாவது எரிந்தது! கத்தியேவிட்டேன் தாமு. அப்புறம்தான் சுவரைப் பார்த்தேன். சுவருக்கு எதுவும் போகவில்லை. டயோடு மட்டும் தணலாக மினுக்கிக்கொண்டிருந்தது. நாலும் அப்படியே. தொடாத ஒன்றை மாட்டினேன். சுவரில் சுள்ளென்று ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது.

மாட்டிப் பார்க்காதவரை செத்ததும் உயிருள்ளதும் பார்வைக்கு ஒன்றுதான். நல்லதில் இரண்டை உன் மிஷினில் போட்டுவிட்டு, செத்த நாலையும் பையில் மூடி மற்றவர்களுக்கு அனுப்பினால் யாருக்குத் தெரியும்? கடையில் மோசமாக அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லிப் போவார்கள். திருவிழாவுக்குப் பத்தே நாள். அன்று காலையில்தான் கமிட்டித் தலைவர் சொல்லியிருந்தார்: "செகப்பு வரலன்னா சொல்லிடு எல்லம்மா, பொன்னேரில லைட்டு செட்டுக்குச் சொல்லிடறோம். உன் தம்பி வெளயாட்டு சாமான் அம்மனுக்கு ஆவாது." விளையாட்டு சாமான். அந்த வார்த்தையை ஊருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே?

இரண்டு நாளாக, நீ இருந்திருந்தால் என்ன செய்வாய் என்று உன் மேஜையைப் பார்த்துக் கேட்டேன். மேஜை என்ன சொல்லும்? மூன்றாம் நாள் அவர்கள் நாலு பேரையும் வீடியோவில் கூப்பிட்டு, "நாலு செத்துப்போச்சி. நான்தான் கொன்னுட்டேன்" என்றேன்.

மணி எரிந்து விழுந்தான். "பையப் பிரிக்காதீங்கன்னு எங்களயெல்லாம் மிரட்டுவாரு அண்ணன். அவர் வீட்லயே இப்படியா? தெரியாத வேலைல ஏன்க்கா கைய வெச்சீங்க?" பதிலுக்கு ஒரு கிண்டல்கூட வரவில்லை எனக்கு.

மிஞ்சிய ஆறு, மூன்று பேருக்குத்தான் வரும். "எங்க ஏரில யாரு எங்க வலை போடறதுன்னு சீட்டு எடுப்பாங்க, பாடுன்னு சொல்லுவோம். அப்படிப் போட்டுடட்டா?" என்று கேட்டேன். எல்லோரும் சரி என்றார்கள்.

ஐந்து பெயர் எழுதினேன், மடித்தேன், சொம்பில் போட்டுக் குலுக்கினேன். அப்போதுதான் கை நின்றுவிட்டது. நீ போன அதே மாதம் ஊர்க்கூட்டத்தில், பாடு உரிமை உள்ளவர்கள் பட்டியலில் உன் பெயரை அடித்தார்கள். எழுதுகிறவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. ஒரு கோடு, அடுத்த பெயர். "ஒரு நிமிசம் நிறுத்தினா இன்னாய்யா கொறஞ்சிபோவும்?" என்று வெளியிலிருந்து கத்தினவள் நான். இப்போது சொம்பு என் கையில். கெடுத்ததும் நான், என் வீட்டுப் பெயரையும் உள்ளே போட்டுக் குலுக்குவதும் நானா?

சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து உன் பெயரைத் தேடினேன். திட்டினானே மணி, அவன்தான் முதலில் சொன்னான். "வேணாம்க்கா. அண்ணன் பேரு இருக்கட்டும்." டீச்சரம்மாவும், "எடுக்காதீங்கம்மா" என்றார்.

"இருந்தா நல்லாத்தாம்பா இருக்கும்" என்றேன். "அவன் இல்லியே."

மூன்று மாதத்தில் முதல் தடவையாக என் வாய் அதைச் சொன்னது தாமு. சொல்லிவிட்டு வெளியே எடுத்து வைத்தேன்.

நாலு பேரில் சீட்டு விழாதவன் யார் தெரியுமா? மணியேதான். "என்னத் திட்டின இல்ல, அம்மன் குடுத்துட்டா பாரு" என்றேன். எப்படி வந்ததோ அந்தக் கிண்டல். அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டிருந்தவன் போனைக் கவிழ்த்துவிட்டு அழுதான். நானும்.

சாயங்காலம் கோயிலுக்குப் போய்க் கமிட்டிக்காரர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "பொன்னேரிக்குச் சொல்லிடுங்க. ஆனா அது வெளயாட்டு சாமான் இல்ல. என் தம்பி ஒழுங்காத்தான் செஞ்சான். நாந்தான் கெடுத்தேன்." நம்பினார்களா? தெரியவில்லை. நீ வரைந்த அம்மன் முகம் இன்னும் மிஷினுக்குள்தான் இருக்கிறது. அது எப்படி இருக்கும் என்றுகூட நான் பார்த்ததில்லையடா. உன்னை ஒரு தடவை உட்காரவைத்துக் கேட்டிருக்கலாமே. ஏன் கேட்கவில்லை?

அடுத்த பத்துக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். மணிக்கு முதல் இரண்டு, உன் மிஷினுக்கு அடுத்த இரண்டு. கோயில் சுவர் கிடைக்காவிட்டால் நம் வீட்டுச் சுவரில் வரைவேன். யாரும் வராவிட்டாலும் அம்மன் முகம் சிவப்பும் வெள்ளையுமாக எழும்புவதை நான் ஒருத்தி நின்று பார்ப்பேன். அன்றைக்கு ஒரு வார்த்தை கிண்டல் செய்யமாட்டேன். இது சத்தியம்.

உன்னைக் கேலி பேசுவதற்கென்றே ஐந்து வருடம் முன்னால் பிறந்த உன் அக்கா,
எல்லம்மாள்
கோட்டைக்குப்பம்