மஞ்சள் புள்ளி வைத்த நூல்

வல்லம் வடகால்
9.3.2025, ஞாயிறு

அன்பு மகள் ரஞ்சனிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, மாடியில் குடியிருக்கும் பெண்கள் எல்லாரும் நல்ல சுகம், முருங்கைமரம் மட்டும் கம்பளிப்பூச்சி பிடித்துக் கிடக்கிறது. ஜெர்மனியில் உன் உடம்பு எப்படி இருக்கிறது, குளிர் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். நீ பதினைந்து நாளாக அம்மாவிடம் பேசிவிட்டு என்னிடம் கொடுக்கச் சொல்லாமலே வைத்துவிடுகிறாய். நர்ஸ் வேலைக்கான மொழிப் பரீட்சை இரண்டாம் தடவையும் போய்விட்டது, இரண்டு வருஷப் படிப்பும் வீண், திரும்பி வந்துவிடட்டுமா என்று அழுதாயாம். அம்மா சொல்லிவிட்டாள், அவள் வாயில் எது நின்றிருக்கிறது. அதற்குப் புத்தி சொல்ல நான் பேனா எடுக்கவில்லை, என் கதையே வேறு. எழுத்து கோழி கிளறியது போல இருக்கும், வேறு யாரோ எழுதினார்கள் என்று பயப்படாதே. ஆறு மாதத்துக்குப் பிறகு வலது கையால் நானே எழுதுகிறேன், நாளுக்கு ஒரு பக்கம்தான் முடிகிறது.

செப்டம்பரில் ஒரகடம் கூட்டுரோட்டில் பைக் சறுக்கி மணிக்கட்டு உடைந்தது உனக்குத் தெரியும், எலும்பு கூடியதும் தெரியும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் நுனியில் மரத்துப்போனதைத்தான் சொல்லவில்லை. அங்கே ஒண்டியாய் இருக்கிற பிள்ளைக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. என் வேலையே அந்த இரண்டு விரலில்தானே இருக்கிறது. காருக்குள் ஓடும் வயர்க்கட்டில் ஒவ்வொரு கனெக்டரையும் அழுத்தி, உள்ளே டக்கென்று பூட்டிக்கொண்டதா என்று விரலால் உணர்ந்து, மஞ்சள் மார்க்கரால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இருந்தால் அண்ணாதுரை பார்த்துவிட்டான், சரி என்று அர்த்தம், அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். பத்தொன்பது வருஷமாக வைத்த புள்ளி. டிசம்பரில் கம்பெனியில் என் கண்ணைக் கட்டிவிட்டு பத்து கனெக்டரைக் கையில் கொடுத்தார்கள், பூட்டாத மூன்றையும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். ஒன்றுகூடத் தெரியவில்லை. மார்ச்சில் இன்னொரு தடவை பார்ப்போம், விரல் தேறாவிட்டால் கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதும் வேலைக்கு மாற்றிவிடுவோம் என்றார்கள். கேட் வேலை ஒன்றும் கேவலம் இல்லை, ஆனால் என் புள்ளியை இன்னொருத்தன் வைப்பான் என்று நினைத்தால் தாங்கவில்லை.

போகிக்கு வீட்டை ஒழித்தபோது உன் அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. திறந்தால் ரோஜாக் கலரில் உல்லன் நூல் உருண்டை, நுனி கொக்கியாக வளைந்த ஒரு குரோஷா ஊசி, ஊசியில் மாட்டியபடியே நீ பிளஸ் டூ லீவில் பின்னிப் பாதியில் போட்ட மூன்று வரிசை. உன் தாய்க்கும் உனக்கும் எதையும் முடிக்கிற வழக்கம் கிடையாதே. எப்படிப் பின்னியிருக்கிறாய் என்று பார்க்க ஊசியை உருவினேன், உருண்டைக்குப் போகிற நூலை லேசாக இழுத்தேன், அவ்வளவுதான், சரசரவென்று மூன்று வரிசையும் கழன்று மடியில் விழுந்துவிட்டது. மகள் செய்ததைக் கெடுத்துவிட்டோமே என்று பதறிப்போய் நூலைக் கையில் எடுத்துப் பார்க்கிறேன், ஒரு முடிச்சு இல்லை, ஒரு வெட்டு இல்லை. கொஞ்சம் சுருண்டிருந்தது, மற்றபடி முழுசாக இருந்தது. ரஞ்சனி, நான் அசந்துபோனேன். எங்கள் கம்பெனி லைனில் ஒரு வயரின் முனையைத் தப்பாக அடித்துவிட்டால் வெட்டிச் சிவப்புத் தொட்டியில் போடுவதுதான், திரும்ப வராது. இங்கே அத்தனை வேலையும் ஒரே நூல், அதுவும் ஊசியில் இருக்கிற ஒற்றைக் கண்ணியில் நிற்கிறது, அதை விட்டால் எல்லாம் அவிழ்கிறது, ஆனால் எதுவும் சேதமாகவில்லை. இதை யார் யோசித்திருப்பார்கள் என்று அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

கெடுத்ததைத் திரும்பச் செய்துவிட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். டாக்டரும் விரலுக்கு வேலை கொடுங்கள் என்று ஒரு ஸ்பாஞ்சுப் பந்தைக் கொடுத்திருந்தார், அதைப் பிசைந்து பிசைந்து எனக்கு வெறுத்துப்போயிருந்தது. போனில் பின்னுகிற வீடியோ தேடினேன், அதில் ஒரு அம்மாள் வந்தாள். எந்த நாட்டுக்காரியோ, பேசுவது ஒரு எழுத்து புரியாது, முகமும் காட்ட மாட்டாள், இரண்டு கையும் ஒரு வெள்ளி மோதிரமும்தான் தெரியும். சத்தத்தை நிறுத்திவிட்டு அந்தக் கைகளை மட்டும் பார்த்தேன், ஒரு கண்ணி போட முப்பது தடவை பார்த்தேன். உன் அம்மா கூடத்தைக் கடக்கும்போதெல்லாம், "இன்னாய்யா இது, கம்பெனிக்குப் போற ஆளு வூட்டாண்ட குந்திகினு உல்லன் பின்னிகினு கீற" என்று சிரித்தாள். நானும் விடவில்லை. லூசாக இருந்தால் ரிஜெக்ட் என்றே பழகிய கை, ஒவ்வொரு கண்ணியையும் இழுத்து இறுக்கினேன். இன்னொரு கூத்தும் நடந்தது, பழக்க தோஷம், சரிபார்த்த கண்ணிக்கெல்லாம் மஞ்சள் மார்க்கரால் புள்ளி வைத்துவிட்டேன். இரண்டாம் வரிசைக்கு வந்தால் ஊசி உள்ளே நுழையவே இல்லை. மாடியில் குடியிருக்கும் பாண்டிச்செல்வி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், நைட் ஷிப்ட் முடிந்து வந்தவள் நின்று பார்த்துவிட்டு, "என்ன மாமா, இந்த இழுப்பு இழுக்கிய? நூலுக்கு மூச்சு முட்டிரும்லா" என்றாள். அவளுக்கும் பின்னத் தெரியாது, விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் சரியாகச் சொன்னாள். அடுத்த கண்ணி வந்து நுழைய இந்தக் கண்ணி இடம் விட வேண்டுமாம், அம்பத்திரண்டு வயதில் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவிழ்த்துவிட்டுத் தளரப் போட்டேன். இருபது கண்ணியில் ஆரம்பித்தது அடுத்த வரிசையில் பத்தொன்பது ஆயிற்று, அப்புறம் பதினெட்டு, பதினேழு, கடைசியில் பார்த்தால் முக்கோணம். எண்ணுவதில் நான் தப்பு விடுகிறவனா. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகு லைனில் அடையாளம் வைப்பது போல, அம்மாவின் வளையலில் தொங்கும் ஊக்குகளைக் கழற்றி ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் மாட்டிவைத்துப் பின்னிப் பார்த்தேன். திருடன் அகப்பட்டான். கடைசிக் கண்ணி ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டு முடிச்சு போல நிற்கிறது, அதை நான் கண்ணியாகவே மதிக்காமல் தாண்டியிருக்கிறேன். அதன் பிறகு வரிசைக்கு இருபது, ஒன்று குறையவில்லை. அம்மா மட்டும் ஊக்கு இல்லாமல் ஒரு வாரம் என்னைத் திட்டினாள்.

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் மத்தியானம், பின்னிக்கொண்டே இருக்கிறேன், ஆட்காட்டி விரலில் என்னவோ சொரசொரவென்று அரித்தது. கொசுவாக்கும் என்று தட்டினேன். மறுபடியும் அரித்தது. நூல், ரஞ்சனி. விரலைத் தொட்டு ஓடுகிற நூல்தான். கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பார்த்தேன், அது போவது தெரிந்தது, நிற்பது தெரிந்தது. அம்மாவைக் கத்திக் கூப்பிட்டேன். அம்மா கத்தரிக்காய் அரிந்த கையோடு ஓடி வந்தாள், நான் அழுதேன், என்ன ஏது என்று கேட்காமல் அவளும் அழுதாள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை கம்பெனியில் சோதனை நடந்தது. கண்ணைக் கட்டி அதே பத்து கனெக்டர். பூட்டாத மூன்றில் இரண்டைச் சொல்லிவிட்டேன், ஒன்று தப்பிவிட்டது. சூப்பர்வைசர் இளம்பரிதி, உன் வயசுதான் இருப்பான், "மூணுல ரெண்டு புட்ச்சிட்டண்ணே, ஏப்ரல்ல இன்னொரு தபா பாக்கலாம்னு எழுதிக்கிறேன்" என்றான். டிசம்பராக இருந்தால் இடிந்துபோய் வந்திருப்பேன். இப்போது வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டு ஊசியை எடுத்தேன். எண்ணிப் பார்த்தால் ரொம்ப நாளைக்குப் பிறகு கடைசி வரிசையில் பத்தொன்பது, அவிழ்த்துவிட்டுத் திரும்பப் போட்டேன். கோபமே வரவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

அந்தத் துண்டைத்தான் இதோடு அனுப்புகிறேன். நான் அவிழ்த்த உன் மூன்று வரிசையைத் திரும்பப் போட்டு, என் ஒன்பதும் சேர்த்துப் பன்னிரண்டு. முடிவு கட்டவில்லை, கண்ணி ஊசியிலேயே நிற்கிறது, மீதி உருண்டையும் இருக்கிறது. பதின்மூன்றாவது நீ போடு, பிடிக்காவிட்டால் இழுத்துவிட்டுத் திரும்பப் போடு. துண்டு முழுக்க அங்கங்கே மஞ்சளாகத் தெரியும், அழுக்கு என்று துவைத்துவிடாதே. முதலில் நான் வரிசையாக வைத்த புள்ளிகள்தான், எத்தனை தடவை அவிழ்த்தும் போகவில்லை, நூலோடு வந்து வேறு வேறு இடத்தில் உட்கார்ந்துகொண்டன, அட்சதை தூவினது போல. அம்மாவுக்கு அழாமல் போன் பண்ணு, பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொல். பரீட்சைக்கு எப்போது கட்டுவதாக இருந்தாலும் சரி, கட்டாமல் வந்தாலும் இது உன் வீடுதான். காலில் சாக்ஸ் இல்லாமல் தரையில் நடக்காதே. நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நூறாண்டு நீ நன்றாக இருக்க வேண்டும். பக்கத்தில் வந்து தலையில் கை வைத்துச் சொல்ல முடியவில்லை, அதனால் அந்தப் புள்ளி ஒவ்வொன்றையும் அப்பா பார்த்துவிட்டேன், சரி என்று வைத்ததாக எடுத்துக்கொள்.

இப்படிக்கு, வலது கையால்,
உன் அப்பா
அண்ணாதுரை