முளை முறிந்த இறக்கைகள்

மார்ச் 4

எங்கள் பொம்மைக் கடைக்குப் புது மாதிரி விமானம் வந்திருக்கிறது. நூறு வருடம் கழித்துப் பறக்கப்போகும் போர் விமானமாம், பெட்டியில் போட்டிருக்கிறது. அப்போதும் குண்டுதான் போடுவார்கள் போல. நூற்றுப் பன்னிரண்டு பிளாஸ்டிக் துண்டுகள். முளையைத் துளையில் அழுத்தினால் கவ்விக்கொள்ளும். கண்ணாடி அலமாரியில் வைக்க நான் ஒன்று கட்டித் தர வேண்டும். பசை தொடக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. பசையே வேண்டாம் என்று சொல்லித்தான் விற்கிறோம்; தொட்டால் வியாபாரமே பொய்யாகிவிடுமாம்.

மார்ச் 9

முளைகளின் நுனியைக் கொஞ்சம் நறுக்கி, பிடி தளர்த்திவிட்டுப் பொருத்திப் பார்க்க வேண்டும். தப்பென்றால் கழற்றலாம். எனக்குத் தெரியாததா? அவசரத்தில் நறுக்கவில்லை. இந்த விமானத்துக்கு இறக்கைகள் முன்பக்கம் சாய வேண்டும். பழக்க தோஷத்தில் பின்பக்கம் சாய்த்து, இடதை வலதில் அழுத்திவிட்டேன். பிடுங்கியபோது முளைகள் துளைக்குள்ளேயே முறிந்தன. இரண்டு பக்கமும் போச்சு. இறக்கைகளை விமானம் நிற்கும் தாங்கியின் மேல் சும்மா சாய்த்து வைத்து, அலமாரியைச் சாத்தினேன்.

மார்ச் 10

சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம்.

மார்ச் 12

கூட்டித் துடைக்கும் அக்கா அலமாரியைத் திறந்து துடைத்தார். துணி பட்டதும் இறக்கைகள் விழுந்தன. முதலாளி வாடிக்கையாளர்கள் முன்னாலேயே கத்தினார். அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"நீ சொல்லு தம்பி, நான் மெதுவாத்தானே துடைச்சேன்?"

"நான் கவனிக்கலக்கா."

மதியத்துக்குள் அவரை அனுப்பிவிட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் முதலாளிகளைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவன் நான். தூ.

மார்ச் 15

அக்கா தன் மாற்றுச் சேலையை எடுத்துப் போக வந்தார். என் மேசையருகே நின்றார். "அஞ்சு நாளா குனிஞ்சு குனிஞ்சு கட்டுனே. கெடுத்துட்டேன். மனசுல வெச்சுக்காத."

பரவாயில்லக்கா என்றேன். பரவாயில்லையாம்! நான் அவரை மன்னித்துவிட்டேன். எவ்வளவு பெரிய மனசு எனக்கு.

மார்ச் 17

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அன்னைக்கே தெரியும்டா. ஓட்டைக்குள்ள முளை கெடந்துச்சே. துடைக்க ஆயிரம் பேர் வருவாங்க. கட்டத் தெரிஞ்சவன் எங்க கெடைக்கிறான்?"

அக்காவைத் திரும்பக் கூப்பிடச் சொன்னேன். கூப்பிட்டால் தப்பு தன்மேல் என்று ஆகிவிடும் என்றார். புதுப் பெட்டி ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

அதை அவர் மூஞ்சியில் எறிந்திருக்க வேண்டும். வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 18

அக்கா வீட்டுக்குப் போனேன். துணி உலர்த்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. தன் வலது கையை விரித்துப் பார்த்தார்.

"அப்ப என் கை நல்லாத்தான் இருக்கு. வயசாயிட்டுது, நடுங்குது போலன்னு இத்தனை நாளா பார்த்துக்கிட்டே இருந்தேன்."

அடுத்த துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, "சரி, கெளம்பு" என்றார். தம்பி என்று சொல்லவில்லை.

மார்ச் 26

இரண்டாவது விமானம் அலமாரியில் நிற்கிறது. துடைக்கப் புதிதாக ஓர் அம்மா வந்திருக்கிறார். முதலாளி வாடிக்கையாளர்களோடு பேசிக்கொண்டே அவரிடம், "பார்த்துத் துடைம்மா. போன ஆளு இப்படித்தான் ஒண்ணை உடைச்சிட்டுப் போனா" என்றார்.

"அதை உடைச்சது நான்" என்றேன். எல்லோர் காதிலும் விழும்படி.

முதலாளி சிரித்தார். "பாருங்க, தங்கமான பையன். அந்தம்மா பழியையும் தன் தலையில போட்டுக்கிறான்."

வாடிக்கையாளர் ஒருவர் என் தோளைத் தட்டினார். புதிதாக வந்த அம்மா என்னை மரியாதையோடு பார்த்தார்.